ஒரே மாநிலத்துக்கு மூன்று எண்கள்: தீவிர உணர்ச்சிக் குலைவுள்ள குழந்தைகள் பற்றிய அமெரிக்க அரசு அறிக்கைகளை வாசிக்கும் முறை

கேள்வி இது. சமூகப்பணி முதுகலை ஆய்வுக்காக அமெரிக்க மாநிலம் ஒன்றை எடுத்துக்கொண்ட மாணவர், அங்கே தீவிர உணர்ச்சிக் குலைவு உள்ள குழந்தைகள் எத்தனை பேர் என்று தேடியிருக்கிறார். மனநலத் துறை ஒரு எண் சொல்கிறது. கல்வித் துறையின் எண் அதைவிட மிகச் சிறியது. கூட்டாட்சி அரசின் மதிப்பீடோ இரண்டையும் தாண்டி நிற்கிறது. எதை நம்புவது? அந்தக் குழந்தைகளுக்கு ஒழுங்கான கவனிப்பு கிடைக்கிறதா என்று இந்த அறிக்கைகளை வைத்துச் சொல்ல முடியுமா?

மூன்று எண்களும் சரியாகவே இருக்கலாம். ஒவ்வொரு துறையும் தன் வாசலைத் தாண்டி உள்ளே வந்த குழந்தையை மட்டும் எண்ணுகிறது, அதுவும் தன் சட்டம் சொல்லும் வரையறையை வைத்து. அதனால் எந்த எண்ணைப் பார்த்தாலும் இது எந்த வாசல், எந்த வரையறை, எந்த வயது, எந்த நாள் என்று முதலில் கேளுங்கள். கவனிப்பைப் பற்றிய உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஓரளவுதான் பதில் கிடைக்கும். எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதைக் கீழே சொல்கிறேன்.

பெயரிலிருந்து தொடங்கலாம். ‘சீரியஸ் எமோஷனல் டிஸ்டர்பன்ஸ்’, சுருக்கமாக எஸ்.இ.டி., ஒரு நோயின் பெயர் கிடையாது. மனச்சோர்வு, பதற்றக் கோளாறு, இருமுனைக் கோளாறு என்று மருத்துவர் சீட்டில் எழுதுவார், எஸ்.இ.டி. என்பது நிர்வாகம் வகுத்த சொல். 1992ல் வந்த சட்டம் சாம்சா என்கிற கூட்டாட்சி நிறுவனத்தை உருவாக்கியது. மனநலச் சேவைக்கும் போதைப்பழக்க மீட்புக்கும் பணம் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. யாருக்காக அந்தப் பணம் என்று வரையறுக்க வேண்டியிருந்ததால் 1993 மே மாதம் வரையறை வந்தது. பிறப்பு முதல் 18 வயதுக்குள் இருக்க வேண்டும். இப்போதோ கடந்த ஓராண்டுக்குள்ளோ கண்டறியத்தக்க மன, நடத்தை அல்லது உணர்ச்சிக் கோளாறு இருந்திருக்க வேண்டும். அந்தக் கோளாறு வீட்டிலோ பள்ளியிலோ வெளியிலோ குழந்தையின் அன்றாட இயக்கத்தைக் கணிசமாகக் குலைத்திருக்க வேண்டும். போதைப்பழக்கம் மட்டும் உள்ள பிள்ளையும் வளர்ச்சிக் குறைபாடு மட்டும் உள்ள பிள்ளையும் இதில் வரமாட்டார்கள். அவற்றோடு வேறு மனக்கோளாறும் சேர்ந்திருந்தால் வருவார்கள்.

சிக்கல் மூன்றாவது நிபந்தனையில் இருக்கிறது. ‘கணிசமாகக் குலைத்தல்’ என்பதை எப்படி அளப்பது? அதை மாநிலங்களிடமே விட்டிருக்கிறார்கள். சில மாநிலங்கள் கேஃபாஸ் என்ற மதிப்பெண் படிவத்தை வைத்திருக்கின்றன. சில இடங்களில் கேன்ஸ் என்ற படிவம். முன்பு பல இடங்களில் ஒற்றை மதிப்பெண்ணாகப் போடும் ஜி.ஏ.எஃப். அளவுகோலை நம்பியிருந்தார்கள், 2013ல் வந்த, மனக்கோளாறுகளை வகைப்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேடு அதைக் கைவிட்டது. அப்போது அளவுகோலை மாற்றிக்கொண்ட மாநிலத்தில், அதற்கு முந்தைய ஆண்டுகளின் எண்ணையும் பிந்தைய ஆண்டுகளின் எண்ணையும் ஒரே கோட்டில் வரைந்து ‘ஏற்றம்’, ‘இறக்கம்’ என்று சொன்னால் அது பிழை. மாசசூசெட்ஸ் இன்னொரு வகை. அங்கே ‘ரோசி டி.’ வழக்கில் 2006ல் கூட்டாட்சி நீதிபதி மைக்கேல் பான்சர் மாநில அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட்டில் உள்ள இந்தக் குழந்தைகளுக்கு வீட்டிலேயே தர வேண்டிய சேவைகளை மாநிலம் தரவில்லை என்பது தீர்ப்பின் சாரம். அதன் பிறகு வந்த கேன்ஸ் படிவத்தில், சாம்சாவின் வரையறை அல்லது கல்விச் சட்டத்தின் வரையறை (அது கீழே வரும்), இரண்டில் ஒன்று பொருந்தினாலே குழந்தை எஸ்.இ.டி. எனக் கணக்கில் வரும். பக்கத்து மாநிலத்தில் ஒரே ஒரு வரையறைதான் என்றால், இரண்டு மாநிலங்களின் எண்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதில் அர்த்தம் இல்லை.

இனி அந்தப் பெரிய எண். மாநில அறிக்கைகளில் முதல் அட்டவணையாக வரும் மதிப்பீடு, யாரும் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு இல்லை. 1998 ஜூலையில் வெளியான ஒரு சூத்திரத்திலிருந்து வருவது. அது 9 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு மட்டும் உரியது. அன்று கையில் இருந்த ஆய்வுகள் அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் போதுமான அளவு தொடவில்லை. குழந்தையின் இயக்கத்தை 1 முதல் 100 வரை அளக்கும் சி-காஸ் அளவுகோலில் 50 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ‘மிகக் கடுமை’, 60 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ‘கணிசம்’. குழந்தை வறுமை விகிதப்படி மாநிலங்களை மூன்று குழுவாகப் பிரிக்கிறார்கள். வறுமை குறைந்த குழுவுக்கு மிகக் கடுமையான நிலை 5–7%, நடுக் குழுவுக்கு 6–8%, வறுமை மிகுந்த குழுவுக்கு 7–9%. கணிசமான நிலைக்கு முறையே 9–11%, 10–12%, 11–13%.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுக் குழுவில் உள்ள ஒரு மாநிலத்தில் 9–17 வயதினர் 5 லட்சம் பேர் என்று வைத்துக்கொள்வோம். மிகக் கடுமையான நிலையில் 30,000 முதல் 40,000 வரை. கணிசமான நிலையையும் சேர்த்தால் 50,000 முதல் 60,000 வரை. ஆக ஒரே மாநிலம், ஒரே ஆண்டு, ஒரே சூத்திரம்; 30,000 என்றும் எழுதலாம், 60,000 என்றும் எழுதலாம். நிதி கேட்கும் அறிக்கையில் எந்த எண் வருகிறது, சாதனை சொல்லும் அறிக்கையில் எந்த எண் வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். இன்னொன்று: குழுப் பிரிப்பு மாநிலங்களுக்கிடையேயான வரிசையைப் பொறுத்தது. மற்ற மாநிலங்களின் வறுமை மாறினாலும் உங்கள் மாநிலம் குழு மாறக்கூடும். ஒரு குழந்தையின் நிலைகூட மாறாமலே அடுத்த ஆண்டு மதிப்பீட்டில் 5,000 பேர் கூடலாம், குறையலாம்.

மாணவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இதையொட்டி வருகிறது. மனநலத் துறை சேவை கொடுத்த எஸ்.இ.டி. குழந்தைகளின் எண்ணை எடுத்து, இந்த மதிப்பீட்டால் வகுத்து, ‘தேவைப்பட்டவர்களில் இத்தனை சதவீதம் பேருக்குச் சேவை கிடைத்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். மேலே இருக்கும் எண்ணில் 4 வயதுக் குழந்தையும் உண்டு. கீழே இருக்கும் எண் 9 வயதில்தான் தொடங்குகிறது. மேலே இருப்பது மாநில மனநலத் துறையின் பொறுப்பில் வந்தவர்கள் மட்டுமே. தனியார் காப்பீட்டில் சிகிச்சை பெறும் பிள்ளை கீழே உண்டு, மேலே இல்லை. இப்படிக் கிடைக்கும் சதவீதத்தை வைத்து வாதம் கட்டினால் முதல் கேள்வியிலேயே சரிந்துவிடும்.

பள்ளி எண்ணுக்கு வருவோம். ஊனமுற்ற மாணவர்களின் கல்விக்கான ‘ஐடியா’ சட்டத்தில் 13 பிரிவுகள் உண்டு; அதில் ஒன்று ‘எமோஷனல் டிஸ்டர்பன்ஸ்’. முன்பு இதற்கும் ‘சீரியஸ்’ என்ற அடைமொழி இருந்தது; 1997 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். பெயர் ஒத்திருப்பதால் இரண்டும் ஒன்று என நினைத்துவிடக் கூடாது. பள்ளி பார்க்கும் அடையாளங்கள் ஐந்து: அறிவுத்திறன், புலன், உடல்நலம் ஆகியவற்றால் விளக்க முடியாத கற்றல் இயலாமை, சக மாணவர்களோடும் ஆசிரியர்களோடும் உறவு அமையாமை, சாதாரணச் சூழலில் பொருந்தாத நடத்தை அல்லது உணர்வு, எப்போதும் கவிந்திருக்கும் துயரம், பள்ளிப் பிரச்சினையோ சொந்தப் பிரச்சினையோ உடல் உபாதையாக, அச்சமாக வெளிப்படுதல். இவற்றில் ஒன்றாவது நீண்ட காலம், தெளிவாகத் தெரியும் அளவில் இருந்து, படிப்பையும் பாதித்திருக்க வேண்டும். மருத்துவர் போட்ட பெயர் இங்கே கட்டாயமும் இல்லை, போதுமானதும் இல்லை.

இந்த எண் ஏன் இவ்வளவு சிறியது? சிறப்புக் கல்வி பெறும் மாணவர்களில் ஏறத்தாழ 5% பேர்தான் இந்தப் பிரிவில் வருகிறார்கள். மூன்று காரணங்களைச் சொல்லலாம். வீட்டில் கத்தியை எடுத்துக்கொண்டு அறைக்குள் பூட்டிக்கொள்ளும் பிள்ளை பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கினால் ‘படிப்பு பாதிக்கப்படவில்லை’ என்று விட்டுவிட முடியும். கவனக்குறைவு, மிகைச்செயல் கோளாறு உள்ள பிள்ளைகள் பெரும்பாலும் ‘பிற உடல்நலக் குறைபாடு’ என்ற பிரிவுக்குப் போகிறார்கள். பெற்றோருக்கும் அந்தப் பெயர் உறுத்தாது. மூன்றாவது, சட்டத்திலேயே உள்ள விலக்கு: ‘சமூகத்தோடு ஒத்துப்போகாத’ பிள்ளை, உணர்ச்சிக் குலைவும் இருந்தாலொழிய, இதில் சேராது. அடிதடியில் இறங்கும் 14 வயதுப் பையனை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதை இந்த ஒரு வரியே தீர்மானிக்கிறது. அவனுக்குத் தனிக் கல்வித் திட்டம் கிடைக்குமா, பள்ளியை விட்டு நீக்கம் கிடைக்குமா என்பதும் அதோடு சேர்ந்து தீர்மானமாகிறது. இந்த விலக்கை நீக்க வேண்டும் என்பது என் கருத்து. சமூகத்தோடு ஒத்துப்போக முடியாமையை மன வேதனையிலிருந்து பிரித்துக் காட்ட நம்பகமான அளவுகோல் எதுவும் இல்லை.

கல்வித் துறை அறிக்கையில் பயனுள்ள பகுதி தலைக்கணக்கு இல்லை. தலைக்கணக்கு அக்டோபர் 1க்கும் டிசம்பர் 1க்கும் இடையே மாநிலம் தேர்ந்தெடுக்கும் ஒரு நாளில் எடுப்பது. பிப்ரவரியில் நெருக்கடிக்கு ஆளான பிள்ளை அந்த ஆண்டுக் கணக்கில் இருக்காது. அதைவிட, ஆண்டு செயல்திறன் அறிக்கையின் நான்காவது குறியீட்டைத் தேடுங்கள். பள்ளியாண்டில் 10 நாளுக்கு மேல் இடைநீக்கம், வெளியேற்றம் ஆகியவற்றில் எந்தப் பள்ளி மாவட்டங்கள் (பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகங்கள்) பெரிதாக விலகி நிற்கின்றன என்று அது காட்டும். பத்தாவது குறியீடு, ஆறு பிரிவுகளில் குறிப்பிட்ட இனத்துப் பிள்ளைகள் தவறான அடையாளப்படுத்தலால் அளவுக்கு மீறிச் சேர்க்கப்படுகிறார்களா என்று கேட்கிறது. அந்த ஆறில் இந்தப் பிரிவும் ஒன்று. கறுப்பின மாணவர்கள் இதில் தங்கள் மக்கள்தொகைப் பங்கைவிட அதிகமாக வருவது நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். ஆனால் மாநிலம் வைக்கும் ‘குறைந்தபட்ச எண்ணிக்கை’ வரம்பைக் கவனியுங்கள். அந்த வரம்புக்குக் கீழே உள்ள மாவட்டங்கள் கணக்கிலேயே வராது. ‘பிரச்சினையுள்ள மாவட்டம் பூஜ்யம்’ என்ற வரிக்குப் பக்கத்தில் ‘கணக்கில் சேர்க்கப்படாத மாவட்டங்கள்’ எத்தனை என்று அதே பக்கத்தில் எழுதியிருப்பார்கள்.

இப்போது மாநில மனநலத் துறையின் எண். இது வருவது சாம்சா மாநிலங்களுக்கு மொத்தத் தொகையாகக் கொடுக்கும் சமூக மனநல பிளாக் கிராண்ட் மானியத்தின் அறிக்கையிலிருந்து. இந்தப் பணத்தை மருத்துவமனை உள்நோயாளி சிகிச்சைக்குச் செலவிடக் கூடாது. சமூகத்தில் வைத்துத் தரும் சேவைக்குத்தான். முந்தைய இரண்டு ஆண்டுகளின் சராசரிக்குக் குறையாமல் மாநிலம் தன் சொந்தப் பணத்தையும் போட வேண்டும். குழந்தைகளுக்கென்று தனி நிபந்தனையும் உண்டு: 1994 நிதியாண்டில் குழந்தைகளுக்கான ஒருங்கிணைந்த சேவைக்குச் செலவிட்ட தொகைக்குக் குறையக் கூடாது. சட்டம் விலைவாசி உயர்வைச் சேர்க்கவில்லை. 1994ன் டாலர் கணக்கை இன்று தாண்டுவது எந்த மாநிலத்துக்கும் கஷ்டமில்லை. அறிக்கையில் ‘நிபந்தனை நிறைவேற்றப்பட்டது’ என்று வருவதை வைத்துக் குழந்தைகளுக்குப் போதிய பணம் போகிறது என்று முடிவுகட்ட வேண்டாம். அந்தத் தொகையை விலைவாசிக்கேற்பத் திருத்தி, இன்றைய செலவோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். ஆய்வேட்டில் ஒரு நல்ல பக்கம் கிடைக்கும்.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 1க்குள் மாநிலம் அறிக்கை தர வேண்டும். அதோடு யு.ஆர்.எஸ். எனப்படும் பொது அட்டவணைகளும் போகும். முதல் அட்டவணை மேலே சொன்ன மதிப்பீடு. 14ஏ அட்டவணை சேவை பெற்ற எஸ்.இ.டி. குழந்தைகள். 11 குடும்பங்களின் கருத்து. 16 ஆய்வால் நிரூபிக்கப்பட்ட சிகிச்சைகள். 20 அரசு மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தவர்கள் 30 நாளிலும் 180 நாளிலும் திரும்பச் சேர்ந்தது. பார்த்தால் முழுமையான படம் போலத் தெரியும். ஒவ்வொன்றிலும் எங்கே ஓட்டை என்று தெரிந்துகொண்டு வாசிக்க வேண்டும்.

தலைக்கணக்கில் முதல் ஓட்டை இரட்டிப்பு. அட்டவணை கேட்பது ஒருவரை ஒருமுறை மட்டும் எண்ணுவதை. ஆனால் கவுன்ட்டிகள் (மாநிலத்துக்குள் உள்ள மாவட்ட நிர்வாகங்கள்) தனித்தனி அடையாள எண் வைத்திருக்கும் மாநிலத்தில், ஒரு கவுன்ட்டியிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்ந்த பிள்ளை இரண்டு பிள்ளையாகிவிடும். வளர்ப்புப் பராமரிப்பில் வீடு மாறி மாறிப் போகும் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் நடக்கும். அதன் மறுபக்கம், சேவையை நிறுத்திவிட்டுப் போன குழந்தையின் கோப்பை மூடாமல் வைத்திருப்பது. பணியாளர் மாறும் நிலையங்களில் இது சர்வசாதாரணம். மாநிலங்கள் அறிக்கையோடு தரும் அடிக்குறிப்புகளில் ‘எண்ணிக்கை இரட்டிப்பாக இருக்கலாம்’ என்ற வரி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அடுத்து ‘தகவல் இல்லை’ என்ற கட்டத்தில் எத்தனை பேர் என்று பாருங்கள். குடியிருப்பு நிலை அட்டவணையில் அந்தக் கட்டம் பெரிதாக இருந்தால், அந்த மாநிலத்தில் வீடற்ற குழந்தைகள் குறைவு என்று சொல்லும் சதவீதத்துக்கு மதிப்பில்லை.

குடும்பக் கருத்து அட்டவணை ஒரு கேள்வித்தாளிலிருந்து வருகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஒரு பகுதியின் சராசரி 3.5க்கு மேல் போனால் ‘நேர்மறை’ என்று எண்ணுகிறார்கள். பண்பாட்டு மதிப்பு, அதாவது ஊழியர்கள் நம் மொழியையும் நம்பிக்கைகளையும் மதித்தார்களா என்ற பகுதி, எப்போதும் உச்சத்தில் இருக்கும். பிள்ளை உண்மையில் தேறியிருக்கிறதா என்று கேட்கும் ‘விளைவு’ பகுதிதான் மிகக் கீழே. ஒட்டுமொத்தத் திருப்தியை மட்டும் தலைப்பில் போடும் அறிக்கைகளை வாசிக்கும்போது, விளைவுப் பகுதிக்கு நேரே போங்கள். பதில் சொன்னவர்கள் சேவையில் தொடர்ந்து இருப்பவர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டாம் சந்திப்போடு நின்றுபோன தாயிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

16வது அட்டவணையில் குழந்தைகளுக்கு மூன்று சிகிச்சைகள்தான் வருகின்றன: சிகிச்சையோடு கூடிய வளர்ப்புக் குடும்பம், பல்முனைச் சிகிச்சையான மல்டிசிஸ்டமிக் தெரப்பி, செயல்முறைக் குடும்பச் சிகிச்சை. இவற்றைப் பெயருக்குச் செய்வதும் முறைப்படி செய்வதும் வேறு. மல்டிசிஸ்டமிக் தெரப்பியில் ஒரு சிகிச்சையாளர் ஒரே நேரத்தில் நான்கு முதல் ஆறு குடும்பங்களை மட்டும் பார்ப்பார். வாரத்தில் பலமுறை வீட்டுக்கே போவார். சுமார் மூன்று முதல் ஐந்து மாதத்தில் முடிப்பார். ஒருவருக்கு 15 குடும்பங்களைக் கொடுத்துவிட்டு அதே பெயரை எழுதினாலும் அட்டவணை ஏற்றுக்கொள்ளும். ஆகவே எண்ணிக்கைக்குப் பக்கத்தில், முறை பிசகாமல் நடக்கிறதா என்று கண்காணிக்கிறீர்களா என்ற கேள்விக்கு மாநிலம் என்ன பதில் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள்.

மறுசேர்க்கை அட்டவணை மிக எளிதாக ஏமாற்றும். பல மாநிலங்கள் அரசு மனநல மருத்துவமனைகளின் குழந்தைப் பிரிவைச் சுருக்கிவிட்டன, சில மூடியே விட்டன. அங்கே 30 நாள் மறுசேர்க்கை பூஜ்யம் என்று வரும். பிள்ளைகள் தேறிவிட்டார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. அவர்கள் தனியார் மருத்துவமனைக்கோ பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ போகிறார்கள். அதற்குத் தனியாக 21வது அட்டவணை உண்டு. இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். பத்துப் பேர் வெளியேறிய இடத்தில் இருவர் திரும்பினால் 20% ஆகிவிடும். ஆகவே சதவீதத்துக்கு முன்னால் எத்தனை பேர் என்று பாருங்கள்.

பிளாக் கிராண்ட் தவிர, 1992 சட்டத்தின் கீழ் குழந்தைகளுக்கென்றே ஒரு மானியத் திட்டமும் இருக்கிறது. முதல் மானியங்கள் 1993ல் வழங்கப்பட்டன. மாநிலம், கவுன்ட்டி, பழங்குடி அரசு ஆகியவை இதைப் பெறலாம். மனநலம், பள்ளி, குழந்தை நலம், சிறார் நீதி எல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்து, குடும்பத்தையும் வைத்துக்கொண்டு திட்டமிடும் ஏற்பாட்டை உருவாக்குவதே நோக்கம். கூட்டாட்சிப் பணம் படிப்படியாகக் கழன்றுகொள்ளும்: முதல் மூன்று ஆண்டுகள் கூட்டாட்சியின் 3 டாலருக்கு உள்ளூர் 1 டாலர், நான்காம் ஆண்டு சரிக்குச் சரி, ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளில் கூட்டாட்சியின் 1 டாலருக்கு உள்ளூர் 2 டாலர். பல ஏற்பாடுகள் தடுமாறும் இடம் இந்த நான்காம் ஆண்டு. உள்ளூர்ப் பங்காகப் பணத்துக்குப் பதில் ‘பொருளாக’க் காட்டிய அலுவலக இடமும் ஊழியர் நேரமும் அப்போது போதாமல் போகும். எனவே முதல் மூன்று ஆண்டு அறிக்கையை மட்டும் வைத்து ஒரு திட்டத்தை வெற்றி என்று எழுதாதீர்கள்.

இந்தத் திட்டம் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. குழந்தை சேரும்போதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், வெளியேறும்போதும் நேர்காணல் எடுக்கிறார்கள். முன்னேற்றம் பெரும்பாலும் நன்றாகவே தெரியும். இரண்டு எச்சரிக்கை மட்டும். மறுநேர்காணலில் 80% பேரையாவது பிடிக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. எத்தனை பேரைப் பிடித்தார்கள் என்று பார்க்காமல் முன்னேற்றச் சதவீதத்தை எடுக்காதீர்கள். காணாமல் போனவர்களில் மோசமானவர்கள் அதிகமாக இருக்கலாம். அடுத்து, குடும்பங்கள் உதவி தேடி வருவது நெருக்கடியின் உச்சத்தில். உச்சத்தில் அளந்த எதுவும் ஆறு மாதத்தில் ஓரளவு தானாகவே இறங்கும். ஒப்பீட்டுக் குழு இல்லாத அறிக்கையில் அந்த இறக்கத்தில் எவ்வளவு சிகிச்சைக்கு உரியது என்று பிரிக்க வழியில்லை.

பணத்தில் பெரியது மெடிக்கெய்ட். 1989 திருத்தத்துக்குப் பிறகு, 21 வயதுக்குக் கீழே உள்ள, இந்தக் காப்பீடு பெற்றவருக்கு மருத்துவ ரீதியாகத் தேவையான சிகிச்சையை, மாநிலத்தின் வழக்கமான பட்டியலில் இல்லாவிட்டாலும், தந்தாக வேண்டும். இந்த உரிமை நடைமுறையில் இருக்கிறதா என்று காட்ட சி.எம்.எஸ்.-416 என்ற ஆண்டுப் படிவம் உண்டு. பரிசோதனை எத்தனை பேருக்கு, பல் சிகிச்சை எத்தனை பேருக்கு, ரத்தத்தில் ஈயம் பார்த்தது எத்தனை பேருக்கு என்றெல்லாம் அதில் வரும். மேற்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்கள் என்று ஒரு வரியும் இருக்கிறது. கண்ணுக்கா, காதுக்கா, மனதுக்கா என்று அது பிரிப்பதில்லை. மனநலச் சிகிச்சை கிடைத்ததா என்று கேட்கும் வரி அந்தப் படிவத்தில் இல்லை. அதனால் 416ஐ வைத்து எஸ்.இ.டி. பற்றி எதுவும் சொல்ல முயல வேண்டாம்.

அதற்குப் பதிலாக, மெடிக்கெய்ட்டில் உள்ள குழந்தைகளின் கவனிப்புத் தரத்தை அளக்கும் ‘கோர் செட்’ அளவீடுகளைப் பாருங்கள். 2024 முதல் மாநிலங்களுக்கு இது கட்டாயம். மனநோய்க்காக மருத்துவமனையில் இருந்து வெளியே வந்த 6–17 வயதுப் பிள்ளை 7 நாளுக்குள், 30 நாளுக்குள் மனநல நிபுணரைச் சந்தித்ததா என்பது ஒன்று. மனநோய் மருந்தான ஆன்டிசைக்கோடிக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு ரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் சோதிக்கப்பட்டதா என்பது இன்னொன்று. அந்த மருந்தை ஆரம்பிக்கும் முன் பேச்சுவழிச் சிகிச்சை முயலப்பட்டதா என்பது மூன்றாவது. என் பார்வையில் இந்த மூன்றும், பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதற்கு மிக அருகில் வரும் எண்கள். மாநிலத்தின் விளம்பர வாசகங்களைத் தாண்டி, 7 நாள் எண்ணையும் 30 நாள் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்: இடைவெளி பெரிதாக இருந்தால், சந்திப்பு நேரம் கிடைக்காமல் குடும்பங்கள் வாரக்கணக்கில் காத்திருக்கின்றன என்று ஊகிக்கலாம்.

தங்கிச் சிகிச்சை பெறும் மனநல விடுதிகளுக்கான விதிகள் வேறு. கட்டிப்போடுவதற்கும் தனியறையில் அடைப்பதற்கும் தரும் ஒவ்வோர் உத்தரவுக்கும் நேர வரம்பு உண்டு: 9 வயதுக்குக் கீழே 1 மணி நேரம், 9–17 வயதுக்கு 2 மணி நேரம், 18–21 வயதுக்கு 4 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்குள் தகுதியுள்ளவர் நேரில் வந்து பிள்ளையைப் பார்க்க வேண்டும். மரணம், கடும் காயம், தற்கொலை முயற்சி ஆகியவற்றை அடுத்த வேலைநாள் முடிவதற்குள் மாநில மெடிக்கெய்ட் அலுவலகத்துக்கும், ஊனமுற்றோர் உரிமைப் பாதுகாப்பு அமைப்புக்கும் தெரிவிக்க வேண்டும்; பெற்றோருக்கு 24 மணி நேரத்துக்குள். விதி கேட்பது சம்பவத்துக்கு ஒரு தகவல். ஆண்டுத் தொகுப்பை அது கேட்கவில்லை. ஆகவே இந்தத் தகவல் உங்களுக்கு வேண்டுமானால் ஆண்டறிக்கையில் தேடுவதைவிட அந்த உரிமைப் பாதுகாப்பு அமைப்பின் விசாரணை அறிக்கைகளைத் தேடுவது மேல்.

விடுதிக்கு மாற்று சாத்தியமா என்ற கேள்விக்கு அரசின் அறிக்கையே பதில் வைத்திருக்கிறது. ‘2005ஆம் ஆண்டின் பற்றாக்குறைக் குறைப்புச் சட்டம்’ என்பதன் கீழ் ஒன்பது மாநிலங்களில், விடுதிக்குப் போக வேண்டிய நிலையில் இருந்த பிள்ளைகளை வீட்டிலும் ஊரிலும் வைத்துக் கவனித்தார்கள். ஆகும் செலவு விடுதிச் செலவில் சுமார் 32% என்று 2013ல் கூட்டாட்சி அரசு எழுதியது. அதற்காகப் பிள்ளைகள் பின்தங்கவும் இல்லை. இந்த எண்ணை மேற்கோள் காட்டும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள்: வீட்டில் பெற்றோர் விடுப்பெடுத்து, வேலையை விட்டுச் செலுத்தும் உழைப்பு அந்த 32 சதவீதத்தில் இல்லை.

சூத்திர மதிப்பீட்டைத் தவிர, இதுவரை சொன்னவை எல்லாம் ஏதோ ஒரு வாசலில் நுழைந்த பிள்ளைகள். எந்த வாசலும் திறக்காத பிள்ளைகளைப் பற்றி இரண்டே இரண்டு அறிக்கைகளைத்தான் நான் திரும்பத் திரும்ப எல்லோருக்கும் கொடுப்பேன். ஒன்று 2003 ஏப்ரலில் நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. வெளியிட்டது. மனநலச் சிகிச்சை கிடைக்க வேறு வழியில்லாமல், தங்கள் பிள்ளையை அரசின் குழந்தை நல அமைப்பிடமோ சிறார் நீதி அமைப்பிடமோ ஒப்படைத்த பெற்றோர்களை அது தேடியது. 2001 நிதியாண்டில் 12,700க்கும் மேற்பட்ட பிள்ளைகள்: ஏறத்தாழ 3,700 பேர் குழந்தை நலத்தில், 9,000 பேர் சிறார் நீதியில். இந்த எண் வந்தது 19 மாநிலங்களின் குழந்தை நல அதிகாரிகளும் 30 கவுன்ட்டிகளின் சிறார் நீதி அதிகாரிகளும் மட்டும் சொன்ன மதிப்பீட்டிலிருந்து. மற்ற இடங்களின் பிள்ளைகள் அதில் இல்லை. இப்படி ஒப்படைக்கப்படும் பிள்ளைகளை எந்தக் கூட்டாட்சி நிறுவனமும் முறைப்படி எண்ணவில்லை என்றும் அதே அறிக்கை சொன்னது. இந்தப் பெற்றோர்கள் அடித்தவர்களும் இல்லை, கைவிட்டவர்களும் இல்லை. காப்பீடு தீர்ந்து போனவர்கள்.

இன்னொன்று 2004 ஜூலையில் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஹென்றி வாக்ஸ்மனும் செனட்டர் சூசன் காலின்ஸும் கேட்டு வந்தது. சிறார் தடுப்பு மையங்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார்கள். 500க்கும் மேற்பட்ட மையங்கள் பதில் தந்தன. 2003ன் முதல் ஆறு மாதத்தில் ஏறத்தாழ 15,000 பிள்ளைகள், வெளியில் மனநலச் சேவை கிடைக்கும் வரை காத்திருப்பதற்காகவே அந்த மையங்களில் இருந்தார்கள். எந்த இரவை எடுத்தாலும் சுமார் 2,000 பேர். 7 வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த 7 வயதுப் பிள்ளை மேலே சொன்ன எந்த அட்டவணையில் வரும் என்று யோசித்துப் பாருங்கள். மதிப்பீட்டில் வராது, 9 வயது ஆகவில்லை. சேவை பெற்றவர் கணக்கில் வராது, சேவையே இல்லை. மறுசேர்க்கையில் வராது, மருத்துவமனைக்கே போகவில்லை.

ஆகவே உங்கள் ஆய்வுக்கு இப்படிச் செய்யுங்கள். மாநிலத்தின் யு.ஆர்.எஸ். அட்டவணைகளை அடிக்குறிப்புகளோடு ஐந்து ஆண்டுக்கு இறக்கிக்கொள்ளுங்கள். வரையறையோ அளவுகோலோ மாறிய ஆண்டில் கோடு போட்டுப் பிரியுங்கள். 14ஏ, 20, 21 ஆகியவற்றை ஒன்றாக வையுங்கள். அதே ஆண்டுகளின் கோர் செட் 7 நாள், 30 நாள் எண்களையும், கல்வித் துறையின் இடைநீக்கக் குறியீட்டையும் பக்கத்தில் வையுங்கள். எண்களைக் கூட்டாதீர்கள், ஒன்றையொன்று கேள்வி கேட்க விடுங்கள். உதாரணமாக, 14ஏயில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வர, இடைநீக்கம் ஏறிக்கொண்டே போனால், அங்கே தேவை குறைந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

பிறகு மாநில மனநலத் திட்டக் குழுவின் கூட்டக் குறிப்புகளைப் படியுங்கள். பிளாக் கிராண்ட் வாங்கும் ஒவ்வொரு மாநிலத்திலும் இந்தக் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் அரசு ஊழியர்களோ சேவை தருபவர்களோ அல்லாதவர்களாக இருக்க வேண்டும்; எஸ்.இ.டி. குழந்தைகளின் பெற்றோர் போதிய அளவில் இருக்க வேண்டும். திட்டத்தைப் பற்றி அந்தக் குழு எழுதும் கருத்தையும் மாநிலம் சேர்த்து அனுப்ப வேண்டும். அட்டவணையில் இல்லாத ஒரு கட்டத்தை அந்தப் பெற்றோர்கள் வாய்மொழியாகச் சொல்லியிருப்பார்கள்: முதல் தொலைபேசி அழைப்புக்கும் முதல் சந்திப்புக்கும் இடையே எத்தனை நாள், அந்த நாட்களில் பிள்ளை எங்கே தூங்கியது என்று.